சரக்கு வண்டி வராத நாளில் உங்க ஊர்ல என்ன ஆச்சு? (வேலூர், ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கத்து அனுபவங்கள்)

மலையடிவாரம் (ஒடுகத்தூர்)
2024 மே மாசம் ரேஷன்ல துவரம் பருப்பும் பாமாயிலும் சரியா வரல. அந்த மாசத்துப் பொருளை ஜூன்ல வாங்கிக்கலாம்னு அறிவிச்சாங்க. டவுன்ல இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயமில்ல, தெரு முனையிலதான் கடை. எங்க மளிகைக்கு பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்து மலை சனங்க வருவாங்க. குக்கிராமத்துல இருந்து ரேஷன் கடைக்கு நடந்து போய், இல்லைன்னு திரும்பி வந்தா அன்னைக்குக் கூலி போச்சு. மறுபடி போனா இன்னொரு நாள் கூலி. ரேஷன்ல 30 ரூபாய்க்குக் கிடைக்கிற பருப்பு அப்போ வெளியில கிலோ 150-க்கு மேல. எப்பவும் வர்ற ஒரு ஆயா நூறு கிராம் பருப்பு கேட்டாங்க. "சாமை கீதுப்பா, கொழம்புக்குத்தான் ஒண்ணும் இல்ல"ன்னாங்க.

இதைவிட 2020 ஊரடங்குதான் என்னால மறக்க முடியல. மார்ச் கடைசின்னா புளி சீசன். உலுக்கி, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து வீடு வீடா வெச்சிருந்தாங்க. வியாபாரிங்க வரல, கீழே கொண்டுவர வண்டியும் இல்ல. மேலே ஏறுற சரக்கைப் பத்தியே எல்லாரும் பேசறோம். கீழே இறங்குற சரக்கு நின்னுட்டா, கடையில அரிசி இருந்தும் வாங்கக் காசு இருக்காது. அந்த வருஷம் புளியை வாங்கி வெச்சுக்கிட்டு அரிசியும் உப்பும் குடுத்தேன். எல்லாருக்கும் குடுக்க என்கிட்டயும் சரக்கு இல்ல.

குடியாத்தம் மருமகள்
புளிக்கு நடந்ததுதான் எங்களுக்குப் பீடியில நடந்துச்சு. பீடி சுத்துற இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுங்கள்ல இருந்து வரணும். என் மாமியார் இலையும் புகையிலைத் தூளும் வாங்கிட்டு வந்து சுத்தி, 25 பீடி ஒரு கட்டுன்னு கட்டிக் குடுப்பாங்க. ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி. ஊரடங்கு தளர்ந்து வேலை ஆரம்பிச்ச பிறகும் முழுசா இலை கிடைக்கல, ஆளுக்குப் பாதி பாதியா பிரிச்சுக் குடுத்தாங்க. குழுக் கடன் தவணை மட்டும் பாதியாகல. காதுல கிடந்த கம்மல் அப்போதான் அடகுக்குப் போச்சு.

2020 ஏப்ரல்லதான், கொரோனாவுக்காக வண்டிங்களை நிறுத்த, ஆந்திர எல்லையில சைனகுண்டா கிட்ட பலமநேர் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டினாங்க. சீக்கிரமே இடிச்சுட்டாங்க, ஆனா பார்த்தப்போ வயிறு கலங்கிடுச்சு. அந்த ரோட்டுலதான் எங்களுக்குத் தக்காளி வருது.

பாலாற்றங்கரை
2021 நவம்பர் வெள்ளத்துல மாதனூர்-உள்ளி தரைப்பாலம் அடிச்சுட்டுப் போச்சு. விரிஞ்சிபுரம் தரைப்பாலத்துக்கும் அதே கதி. எங்க நைனா ரெண்டு மாடு வெச்சிருக்கார். பால் வண்டி பள்ளிகொண்டா சுத்தி வரணும், சில நாள் வரவே இல்ல. வண்டி வரலன்னு மாடு பாலை நிறுத்தி வைக்குமா? அக்கம்பக்கத்துக்குக் குடுத்தோம், மிச்சத்தைத் தயிராக்கினோம், அதையும் வாங்க ஆளில்ல. புண்ணாக்கும் தவிடும் விலை ஏறி, மாட்டுக்குத் தீனி குறைஞ்சது. பாதை சரியான பிறகும் அந்த மாடுங்க பழைய அளவு கறக்கல.

மழைக்கு முன்னாடியே எல்லாரும் மூட்டையா வாங்கி வெச்சுக்கலாமேன்னு தோணுது.

மலையடிவாரம்
தம்பி, மூட்டையா வாங்கக் கையில மொத்தமா பணம் வேணுமே. நூறு கிராம் வாங்கற வீட்டுக்கு அது எப்படி முடியும்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி மலை ஊருங்களுக்கு ரெண்டு மாச ரேஷனைச் சேர்த்து மேலேயே இறக்கி வைக்கணும். புளி, சாமை வாங்கி வைக்க மலை மேலேயே ஒரு கிடங்கு வேணும். அடுத்த கிராம சபையில இந்த ரெண்டையும் மனுவா குடுக்கப் போறோம். எங்க அணைக்கட்டு ஒன்றியத்துல யாராவது ஏற்கெனவே எழுதிக் குடுத்திருந்தா இங்கே சொல்லுங்க, சேர்ந்தே போகலாம்.