மறுமொழி: பாப், ஐமேப் இரண்டுக்கும் தமிழ்ச் சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

மின்னஞ்சல் செயலியின் கணக்கு அமைப்புத் திரையில் வரும் பாப் (POP), ஐமேப் (IMAP) ஆகியவை, சேவை நிறுவனத்தின் கணினியான வழங்கியில் உள்ள அஞ்சலை நம் கருவியில் படிக்க உதவும் இரு முறைகள். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்களாக இதுவரை வந்த முன்மொழிவுகளைப் படித்தேன். ‘அஞ்சலக நெறிமுறை’, ‘இணையச் செய்தி அணுகல் நெறிமுறை’ என்பவை விரிவுப்பெயர்களின் நேர் பெயர்ப்புகள். பாடநூலில் அவை தாராளமாக இருக்கலாம். திரைக்கு முன் அமர்ந்திருப்பவருக்கோ, தம் கடிதம் இனி எங்கே இருக்கப்போகிறது என்பது தெரிந்தால் போதும். அதைச் சொல்லாத பெயர் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அவருக்குத் தேர்வு செய்ய உதவாது.

பாப் 1984-இல் வகுக்கப்பட்டது. இன்று புழக்கத்தில் உள்ள மூன்றாம் பதிப்பின் வரையறை 1996-இல் வெளியானது. தொலைபேசி வழியே சற்று நேரம் இணைந்து, வந்த அஞ்சலை வாரிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடும் பழக்கத்துக்கு அது பொருந்தியது. செயலி கடிதங்களை ஒவ்வொன்றாக இறக்கி, நீக்க வேண்டியவற்றைக் குறித்துவிட்டு, முறைப்படி விடைபெற்ற பிறகே வழங்கி அவற்றை அழிக்கும். இடையில் இணைப்பு அறுந்தால் எதுவும் அழியாது. உள்பெட்டியைத் தவிர வேறு கோப்புறை எதையும் பாப் அறியாது, படித்தது எது படிக்காதது எது என்பதையும் குறித்து வைக்காது. 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கிய ஐமேப்பில் கடிதம் வழங்கியிலேயே இருக்கிறது. கணினியிலும் திறன்பேசியிலும் நாம் காண்பது அதன் படி. கிண்டி அலுவலகத்தில் படித்த கடிதம், மாலையில் மெட்ரோவில் திறக்கும் திறன்பேசியிலும் படித்ததாகவே தெரிவது இதனால்தான்.

‘பதிவிறக்க முறை’, ‘ஒத்திசைவு முறை’ என்ற இணைக்குப் பலர் ஆதரவு தெரிவித்துள்ளனர். எனக்கு அதில் இரண்டு தடைகள் உள்ளன. ஐமேப்பும் கடிதங்களை இறக்கித்தான் காட்டுகிறது என்பதால் முதற்சொல் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. இரண்டாவது இன்னும் பெரிய தடை: ‘ஒத்திசைவு’ என்றதும் எல்லாக் கருவிகளிலும் தனித்தனிக் காப்புப்படி இருப்பதாகப் பயனர் எண்ணிக்கொள்கிறார். திறன்பேசியில் இடம் போதவில்லையென்று பழைய கடிதங்களை அழிப்பவர், அவை வழங்கியிலிருந்தும் வீட்டுக் கணினியிலிருந்தும் சேர்ந்தே போய்விடும் என்று எதிர்பார்ப்பதில்லை.

ஆகவே பாப்புக்கு ‘எடுப்பு வழி’ என்றும் ஐமேப்புக்கு ‘இருப்பு வழி’ என்றும் வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘எடுப்பு’ பழைய உலர் கழிப்பறையை நினைவூட்டும் என்று ஓர் அன்பர் தனிமடலில் எச்சரித்தார். மறுக்கவில்லை, ஆனால் ‘எடுப்புச் சாப்பாடு’ என்று மெஸ் வாசலில் பலகை தொங்கும்போது நம் ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கட்டி வாங்கிப் போனபின் அது நம் பொறுப்பு என்ற பொருளும் அதிலேயே வந்துவிடுகிறது. ‘இருப்பு’ என்பது வங்கிக் கணக்கின் மீதத்தைக் குறிக்குமே என்ற கேள்வி நியாயமானது. எனினும் ‘வழி’ என்ற சொல் உடன் வருவதால் குழப்பம் குறையும். மிஞ்சியுள்ள சேமிப்பிடத்தைக் காட்டும் வரியில் ‘மீத இடம்’ என்று எழுதிவிட்டால் மோதலே இராது.

பொறுப்பு யாருடையது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகித் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக் கணினியில் மட்டும் அஞ்சலை எடுத்து வைத்திருப்பவருக்கு வன்தட்டு போனால் கடிதமும் போனதுதான். இருப்பு வழியில் அந்த அச்சம் இல்லை; ஆனால் கடவுச்சொல் களவு போனாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ ஆபத்துதான். ஒன்றுக்கு மேற்பட்ட கருவி வைத்திருப்பவருக்கு இருப்பு வழியே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. வழங்கியில் இடம் மிகக் குறைவாக உள்ளவரும், ஒரே கணினியில் எல்லாவற்றையும் தொகுத்து அதற்குக் காப்புப்படியும் எடுப்பவரும் எடுப்பு வழிக்குப் போகலாம். உலாவியில் நேரே திறந்து படிப்பவருக்கு இந்தத் திரையே தேவைப்படாது என்பதால் அதற்கு இங்கே சொல் தேட வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். எடுப்பு வழியிலும் வழங்கியில் ஒரு படியை விட்டுவைக்கும் வசதி உண்டு. அதை இயக்கினால் ‘எடுப்பு’ முழு உண்மை ஆகாது. இதற்காகப் பெயரை மாற்றுவதைவிட, அந்தத் தெரிவுக்கு ‘வழங்கியிலும் ஒரு படி இருக்கட்டும்’ என்று எழுதி, பயனர் எதையும் மாற்றாமலே அது இயங்குமாறு தொடக்கத்திலேயே வைத்துவிடலாம். இரு பெயர்களுக்கும் கீழே சிற்றெழுத்தில் முறையே ‘அஞ்சல் இந்தக் கணினிக்கு வந்துவிடும்’, ‘அஞ்சல் வழங்கியிலேயே இருக்கும், இங்கே அழித்தால் அங்கும் அழியும்’ என்ற வரிகளைச் சேர்க்கலாம். பாப், ஐமேப் என்ற பெயர்களையும் தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே வைக்க வேண்டும்; சேவை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தோடு ஒப்பிட்டு அமைப்பவருக்கு அவை இல்லாமல் முடியாது. இரண்டாம் வரி திறன்பேசித் திரையில் அடங்குமா என்பதை நிரலாளர்கள் பார்த்துச் சொன்னால் அதற்கேற்பச் சுருக்கித் தருகிறேன்.