புதுப்பிப்பு: ஜெர்மனி விசா முடியப்போகுது, தேதி கிடைக்கலைன்னு கேட்டிருந்தேனே

விசா முடிய மூணு வாரம்தான் இருக்கு, வெளிநாட்டினர் அலுவலகத்துல நேரில் போகத் தேதியே இல்லைன்னு போன மாசம் புலம்பியிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நேரில் போற தேதி முக்கியமில்லையாம். விசா முடியறதுக்குள்ள விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கணும். ஆன்லைன்ல புளூ கார்டுக்கு (படிச்சு வேலைக்கு வர்றவங்களுக்கான தங்கும் அனுமதி) போட்டேன். குடியிருப்புச் சட்டம் 81(4) பிரிவுப்படி, முடிவு வர்ற வரைக்கும் பழைய அனுமதியே செல்லும். அதுக்கான தாளுக்குப் பேர் ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் (வாயில் நுழையவே ரெண்டு நாளாச்சு), கட்டணம் 13 யூரோ. ஊருக்குப் போறவங்க அதுல எந்தக் கட்டத்துல குறி இருக்குன்னு பாத்துக்கோங்க. 81(4)னா திரும்பி வரலாம். 81(3)னா அந்தத் தாளை நம்பி வெளியே போகாதீங்க.

ஒரு திருத்தம். முகவரிப் பதிவுக்கு வாடகை ஒப்பந்தமே போதும்னு எழுதியிருந்தேன், தப்பு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தனி உறுதிச்சீட்டு வேணும், குடிபோன 2 வாரத்துக்குள்ள பதியணும்.

கார்டு இன்னும் வரலை. வந்தப்புறம் புளூ கார்டுல வேலை பாத்தா நிரந்தர அனுமதிக்கு 27 மாசம், பி1 (நடுத்தர நிலை) ஜெர்மன் தெரிஞ்சிருந்தா 21. வீட்டுல இப்பவே வகுப்புல சேரச் சொல்றாங்க.