பாதுகாப்பா, காப்பா? 'சோஷியல் ப்ரொடெக்‌ஷன்' என்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

'சோஷியல் செக்யூரிட்டி', 'சோஷியல் ப்ரொடெக்‌ஷன்' இரண்டுக்கும் 'சமூகப் பாதுகாப்பு' என்ற ஒரே சொல் போதும் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நாளிதழுக்கு அது போதும். ஆனால் ஆங்கிலக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தரும் நம் சொற்பட்டியலைக் கையில் எடுக்கப்போகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர்களும் முதுகலை மாணவர்களும் என்பதால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும் இடத்தில் அவர்கள் திண்டாடுவார்கள். போதாததற்கு, 'பாதுகாப்பு' ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சுமக்கிற சொல். ராணுவத்துக்கும் அதுதான், ஆலைகளில் தலைக்கவசம் அணிவதற்கும் அதுதான், அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் நிற்கும் காவலர்களுக்கும் அதுதான். மதுரையில் 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' என்றால் தடுப்புக் கம்பிகள்தான் நினைவுக்கு வருமே தவிர, பென்ஷன் வராது.

இரண்டும் பிறந்த இடங்கள் வேறு. ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1883-இல் நோய்க் காப்பீட்டையும் 1889-இல் முதுமைக் காப்பீட்டையும் சட்டமாக்கியபோது, கூலியில் ஒரு பங்கு பிடிக்கப்படும், முதலாளியும் தன் பங்கைக் கட்டுவார், கட்டியவருக்குப் பலன் உண்டு என்பதே ஏற்பாடாக இருந்தது. 'சோஷியல் செக்யூரிட்டி' என்ற பெயர் ஊன்றிக்கொண்டது அமெரிக்கா 1935-இல் இயற்றிய சட்டத்தால். நம் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யும் வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.உம் இந்த வழி வந்தவையே. ஆனால் மேலூர்ப் பக்கம் நாற்று நடுகிறவருக்கும் கீழவாசலில் மூட்டை தூக்குகிறவருக்கும் பங்கு கட்டும் முதலாளி யார்? வளரும் நாடுகளில் பெரும்பாலான உழைப்பு இப்படிப்பட்டது. எனவேதான் மெக்சிகோ 1997-இலும் பிரேசில் 2003-இலும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசுப் பணத்திலிருந்து நேரடியாகத் தொகை வழங்கும் பெருந்திட்டங்களைத் தொடங்கின. சந்தாவின் வழியாக வருவது, வரிப்பணத்திலிருந்து வருவது, அரசு தரும் வேலையாக வருவது எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்ட 'ப்ரொடெக்‌ஷன்' என்ற அகன்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் அறிக்கைகளில் இரண்டையும் ஒருபொருட் சொற்களாக ஆள்வதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. என் வாதத்துக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

காவல் என்று பொருள்படும் பழஞ்சொல்லை மீட்டு 'சமூக ஏமம்' என்று வைக்கலாம் என்ற யோசனை அழகானது. 'எழுமையும் ஏமாப்பு உடைத்து' என்ற குறளடி நினைவுக்கு வரும். ஆனால் இன்றைய காதில் அது ஏமாற்றத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அரசுத் திட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் எதிர்க்கட்சிக்கு வேலை மிச்சம். இலங்கை அன்பர் முன்வைத்த 'நலன்புரி' நல்ல சொல்தான், ஆயினும் அங்கே அது 'வெல்ஃபேர்' என்பதற்கு நிலைபெற்றுவிட்டது. ஆகவே, சட்டத்தில் ஏறிவிட்ட 'சமூகப் பாதுகாப்பு' என்பதை 'செக்யூரிட்டி'க்கே விட்டுவிட்டு, 'ப்ரொடெக்‌ஷன்' என்பதற்கு 'சமூகக் காப்பு' என்று கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. காப்பீடு, காப்பகம், காப்புரிமை எனச் சொல் ஏற்கெனவே கிளைவிட்டிருக்கிறது. பிள்ளைக்குக் காப்புக் கட்டுவதும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2012-இல் வெளியிட்ட 202-ஆம் பரிந்துரையில் வரும் 'ஃப்ளோர்' (தரை, தளம்) என்பதற்குக் 'குறைந்தபட்சக் காப்பு' என்று எழுதினால் பாதிப் பொருள்தான் கிடைக்கும். எல்லோருக்கும் மருத்துவம், குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வேலை செய்ய இயலாதவருக்கும் அடிப்படை வருமானம் என்ற நான்கு உறுதிகளுக்குக் கீழே யாரும் இறங்கக்கூடாது, அதற்கு மேலே நாடுகள் கட்டிக்கொண்டே போகவேண்டும் என்பது அதன் கருத்து. மேலே கட்டுவது என்ற பொருளும் வேண்டுமென்பதால் 'காப்புத் தளம்' என்றே வைத்துக்கொள்ளலாம்.

பலன் சேரவேண்டியவருக்குச் சேராமல் போவதைக் குறிக்கும் 'எக்ஸ்க்ளூஷன் எரர்' என்பதற்கு 'விலக்கல் பிழை' என்று பட்டியலில் இருப்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். உசிலம்பட்டிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், முதியோர் பென்ஷன் கொடுக்க வந்தவரின் மிஷினில் ஒரு பாட்டி பெருவிரலை ஐந்தாறு முறை அழுத்தியதை அருகில் இருந்து பார்த்தேன். செங்கல் சூளையில் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. சேலை முந்தியில் துடைத்தார், தேங்காய் எண்ணெய் தடவினார், மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தார். 'ரெண்டு மாசமா சம்பளம் வரலப்பா' என்றார். அவருக்கு அது உதவித்தொகை அன்று, சம்பளம். அவரை யாரும் விலக்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, பணமும் வந்திருக்கிறது, கைக்கு மட்டும் எட்டவில்லை. எனவே 'விடுபாட்டுப் பிழை' என்பதே பொருந்தும். 

திட்டத்தின் பலன் யாருக்கு என்று பிரித்தெடுக்கும் 'டார்கெட்டிங்' என்பதற்கு 'இலக்கிடல்' சரி என்றாலும், வேட்டைச் சாயல் அடிக்கிறது. 'பயனாளர் தெரிவு' போதும். 1997-இல் நாடு முழுவதும் ரேஷனில் வறுமைக்கோட்டின்படி ஆள் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தது. அந்த முறைக்கு 'அனைவர்க்குமான வழங்கல்' என்ற நேரான தமிழ் இருக்கிறது. மாறாக, 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் திட்டம் 'உரிமைத் தொகை' என்று பெயர் பெற்றிருந்தும், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பத்துக்குக் கிடையாது. உரிமை என்ற சொல்லும் தெரிவு என்ற முறையும் ஒரே திட்டத்துக்குள் இருப்பதால், விதிப்படி ஒருவருக்குச் சேரவேண்டியதைச் சுட்டும் 'என்டைட்டில்மென்ட்' என்பதற்கு வெறுமனே 'உரிமை' என்று எழுதுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 'உரித்து' என்று ஈழத்தில் எழுதுகிறார்கள். இங்குள்ள வாசகருக்கு அது விளங்குமா என்பதைப் பற்றி அடுத்த மடலில் உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.