வாடகை ஷெட் மேல் சோலார் போடலாமா? (திருப்பூர்)

பனியன்காரன்:
வாடகை ஷெட்டில் தையல் யூனிட் நடத்துகிறேன். சிமெண்ட் ஷீட் கூரை, 3,000 சதுர அடி. மாதம் 2,000 யூனிட் ஓடுகிறது, எல்லாம் பகல் ஷிப்ட். சோலார்காரர் வந்தார், தரையில் டேப் பிடித்து அளந்தார், "கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, தாராளமாக 30 போடலாம்" என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டார். மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. நம்பலாமா?

கூரைமேல்:
100 அடி கணக்கு சரிதான், ஆனால் அது வெறும் இடக் கணக்கு. நம் பக்கம் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 30 போட்டால் மாதம் 3,600. மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்தால் நீங்கள் வாங்கும் விலை கிடைக்காது. உங்களுக்கு 15 போதும்.

அதைவிடக் கூரைதான் கவலை. 15 கிலோவாட்டுக்கு 540 வாட் பேனல் 28 வேண்டும். ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. எடை முழுக்க டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்), பர்லின் (அதன் குறுக்கே ஷீட்டைத் தாங்கும் கம்பி) மேல்தான் இறங்க வேண்டும், ஷீட் மேல் அல்ல. அந்த ஷீட்டில் கால் தவறி வைத்தால் ஆள் கீழே வந்துவிடுவார். எடையாவது பரவாயில்லை, ஆடிக்காற்று பேனலை மேலே தூக்கும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மேற்கே உயரமான கட்டடம் இருக்கிறதா? ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க அடி வாங்கலாம். தெற்கே ஏதாவது இருந்தால் மார்கழி நிழலைக் கணக்கில் எடுங்கள், அப்போதுதான் நீளமாக விழும்.

வரவுசெலவு:
லீஸ் எத்தனை வருஷம் பாக்கி? ஓனர் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் சோலார் மானியம் வீடுகளுக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. ஆனால் வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதம் தேய்மானம் (மதிப்புக் குறைவு) செலவாகக் காட்டலாம். அதை ஆடிட்டரிடம் பேசுங்கள்.

பனியன்காரன்:
நன்றி அண்ணா. நேற்று ஏணி போட்டு உள்பக்கமாகப் பார்த்தேன். மழைக்கு ஒழுகும் மூலையில் பர்லினைச் சாவியால் சுரண்டினால் துரு பொட்டுப் பொட்டாக உதிர்கிறது. மூன்றரை மணிக்கே பக்கத்து மாடியின் தண்ணீர் டேங்க் நிழல் கூரையில் கால்வாசிக்கு வந்துவிட்டது. லீஸ் இன்னும் 3 வருஷம்தான். ஓனர், "ஷீட்டை மாற்றித் தருகிறேன், வாடகையைக் கூட்டிக் கொடு" என்கிறார்.

கொட்டேஷன்காரர் இன்று காலை மறுபடி போன் செய்தார். அடுத்த தடவை ஏணியோடு வாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.