சிகிச்சை வேண்டும், வழக்கு இப்போது வேண்டாம்: என்ன வழி?

எல்லைக்காரி:
என்னுடன் வேலை செய்யும் பெண்ணுக்காகக் கேட்கிறேன். வயது 26. வீடு கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலை எல்லையில் வேலந்தாவளம் தாண்டிக் கோவைப் பக்கம். நேற்று மாலை அங்கே, தெரிந்த ஆள் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். வலி இருக்கிறது, கரு தங்கிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. வீட்டுக்குத் தெரியாது. சிகிச்சைக்கு வருகிறாள், ஆனால் போலீஸ் வந்தால் எழுந்து போய்விடுவேன் என்கிறாள். நடந்தது தமிழ்நாட்டில் என்று பாலக்காட்டு மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிடுவார்களா? குளித்துவிட்டாள், உடுப்பையும் நனைத்துவிட்டாள்.

ஊர்வாசி:
தெரிந்த மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்து, சத்தமில்லாமல் முடியுங்கள். ஊர் வாய் பொல்லாதது.

பழைய சிஸ்டர்:
ஊர் வாய்க்குப் பயந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், ஐயா. கடை மாத்திரை கருவை மட்டும்தான் பார்க்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. பிறகு 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். பால்வினை நோய்களுக்கும் காயத்துக்கும் மருந்து வேறு. கருத்தடை மாத்திரையும் தாமதித்தால் பலன் குறையும்.

தங்கச்சி, இன்றே கூட்டிப்போங்கள். எங்கே நடந்தது என்று பார்த்துச் சிகிச்சை கொடுப்பதில்லை. அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் இலவசமாகச் சிகிச்சை கொடுத்தாக வேண்டும், மறுத்தால் அவர்கள்மேல்தான் வழக்கு வரும். கேஷுவாலிட்டியில் "பூமிகா" இருக்கிறதா என்று கேளுங்கள். கேரளத்தில் பல அரசு மருத்துவமனைகளில் அந்தப் பெயரில் பெண்களுக்கான ஆலோசனை மையம் இருக்கிறது.

குளித்ததற்காகத் தயங்க வேண்டாம், 96 மணி நேரம் வரை உடலிலிருந்து தடயத்துக்கான மாதிரி எடுக்கலாம். நனைத்த உடுப்பைத் துவைக்காமல் நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் கவரில் புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடும்.

இன்னொன்று. சம்மதப் படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். புரியாமல் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. சிகிச்சைக்கு, பரிசோதனைக்கு, மாதிரி எடுப்பதற்கு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை என்று யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அதைச் செய்வது முறைகேடு என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது.

கோர்ட் வராந்தா:
வழக்கறிஞராகச் சொல்கிறேன். போலீசுக்குத் தகவலே போகாது என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தகவல் தர வேண்டியது மருத்துவமனையின் சட்டக் கடமை, எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவும் போடுவார்கள். அதற்காகப் புகார் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. "இப்போது புகார் கொடுக்க விரும்பவில்லை" என்று அவர் சொன்னால், அந்த மறுப்பை மருத்துவர் எழுதிவைக்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. அவர் சம்மதமில்லாமல் பரிசோதிக்கப் போலீசாலோ நீதிமன்றத்தாலோ கட்டாயப்படுத்த முடியாது. 18 வயது நிறையாதவர் என்றால் கதை வேறு, அங்கே குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் வந்துவிடும்.

பின்னர் மனம் மாறினால் பாலக்காட்டிலேயே புகார் கொடுக்கலாம். எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று சொல்லாமல் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எந்த நிலையத்திலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை) பதிந்து, கோவைப் பக்க நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பலாத்கார வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் இன்று எடுக்காத மாதிரியை அடுத்த மாதம் எடுக்க முடியாது. அதனால் வழக்கு வேண்டாம் என்றாலும் மாதிரியை எடுத்துவைப்பது நல்லது என்பேன், முடிவு அவருடையது. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

எல்லைக்காரி:
சிஸ்டர் எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வருகிறேன் என்கிறாள். போலீசார் வந்தால் என்ன சொல்வது?

பழைய சிஸ்டர்:
"இப்போது வாக்குமூலம் தர விருப்பமில்லை" என்று சொன்னால் போதும். பெண் அதிகாரியைக் கேளுங்கள். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். யாராவது அலைக்கழித்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். கிளம்புவதற்கு முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள், அந்த மாத்திரைகள் சிலருக்கு வாந்தி வரவைக்கும். திரும்பும்போது எம்.எல்.சி. நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது.