நான்காம் ஆசிரியர் ஏன் பட்டியலில் இல்லை? பட்டியலாக்க விதிகளில் ‘மூவர் வரம்பு’ வந்ததும் போனதும்

கேள்வி: நூலகவியல் முதுநிலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். பட்டியலாக்கச் செய்முறைத் தாளுக்காக ஒரு நூலகத்தின் பழைய பதிவுகளையும் புதிய பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவருகிறேன். நால்வர் சேர்ந்து எழுதிய ஒரு பாடநூலின் இரண்டு பதிப்புகள் ஒரே கணினிப் பட்டியலில் இரு வேறு விதமாகப் பதிவாகியுள்ளன. முந்தைய பதிப்புக்கு நூலின் பெயரிலேயே முதன்மைப் பதிவு (நூலின் முழு விவரமும் வரும் தலைமைப் பதிவு) இருக்கிறது. பொறுப்புக் கூற்றில் (நூலை ஆக்கியவர் யார் என்று சொல்லும் பகுதியில்) முதல் ஆசிரியரின் பெயர் மட்டும் வந்து, அடுத்துச் சதுர அடைப்புக்குள் ‘மற்றும் பலர்’ என்று முடிந்துவிடுகிறது. பிந்தைய பதிப்புக்கு முதல் ஆசிரியர் பெயரில் முதன்மைப் பதிவும், மற்ற மூவருக்கும் தனித்தனியே துணைப் பதிவும் (அந்தப் பெயர் வழியாகவும் தேட உதவும் கூடுதல் பதிவு) உள்ளன. ஆகவே நான்காம் ஆசிரியரின் பெயரைக் கொடுத்துத் தேடினால் பிந்தைய பதிப்பு மட்டுமே கிடைக்கிறது.

முந்தையது ஏஏசிஆர்-2 (ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகள், இரண்டாம் பதிப்பு) விதிப்படியும் பிந்தையது அதற்குப் பின் வந்த ஆர்டிஏ (வள விவரணையும் அணுகலும்) விதிப்படியும் செய்யப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். மூவர் வரை பெயரைக் கொடுக்கலாம், நால்வரானால் கூடாது என்ற எல்லையை எந்த அடிப்படையில் வகுத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. ‘கணினி வந்தது, ஆகவே வரம்பு போனது’ என்று பாடக்குறிப்பில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த விளக்கம் போதுமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பல்கலைக்கழகப் பட்டியலாளர்

வணக்கம் அம்மா. அந்த எல்லைக்குக் காரணத்தை அறிவுலகக் கோட்பாடுகளில் தேட வேண்டாம். அட்டைப் பெட்டியில் தேடுங்கள்.

ஏழரை சென்டிமீட்டர் உயரமும் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அட்டையில்தான் ஒரு நூலின் விவரம் முழுவதும் அடங்க வேண்டும். அடியில் துளையிட்டுக் கம்பி கோக்க வேண்டியிருப்பதால் அந்தப் பகுதியில் தட்டச்சு செய்ய முடியாது. இனி ஒரு நூலுக்கு எத்தனை அட்டை என்று எண்ணிப் பாருங்கள். மூவர் எழுதிய, இரண்டு பொருள் தலைப்புகள் கொண்ட நூல் என்றால், முதல் ஆசிரியர் பெயரில் முதன்மை அட்டை, இணையாசிரியர்களுக்கு இரண்டு, நூற்பெயருக்கு ஒன்று, பொருளுக்கு இரண்டு, அலமாரி வரிசைக்கு ஒன்று என ஏழு அட்டைகள். எழுவர் எழுதிய நூலுக்கு இதே முறையில் பதினொன்று ஆகும். மூவர் வரம்பின்படி செய்தால் அதே நூலுக்கு நூற்பெயர் அட்டை, முதல் ஆசிரியர் அட்டை, இரண்டு பொருள் அட்டை, அலமாரி அட்டை என ஐந்தோடு முடிந்துவிடும். ஒவ்வோர் அட்டையையும் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, உரிய இழுப்பறையில் அகரவரிசை பிசகாமல் கோத்து வைப்பவர் ஒரு மனிதர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், வரம்பு ஏன் வந்தது என்பது விளங்கும். தட்டச்சைவிடக் கோப்பதே பெரிய வேலை என்பதை அந்தக் காலத்தில் பணியாற்றிய எவரும் சொல்வார்கள்.

வரம்பு மூன்றில் நின்றதற்கு 1961 அக்டோபரில் பாரிசில் நடந்த பன்னாட்டு மாநாட்டைப் பார்க்க வேண்டும். ஐம்பத்து மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் கூடி வகுத்த கொள்கைகளில், முதன்மைப் பொறுப்பு யாருடையது என்று காட்டப்படாத கூட்டுநூலில் ஆசிரியர்கள் இருவரோ மூவரோ ஆனால் முதலில் வருபவர் பெயரில் முதன்மைப் பதிவு, மூவருக்கு மேற்பட்டால் நூற்பெயரில் முதன்மைப் பதிவு என்று கூறப்பட்டது. ஆனால் அதே கொள்கையில், முதலாமவரோடு வேறு எத்தனை பேருக்குத் தேவை என்று படுகிறதோ அத்தனை பேருக்கும் துணைப் பதிவு செய்யலாம் என்ற இடமும் இருந்தது. 1978-இல் வந்த ஏஏசிஆர்-2-இல் அந்த இடம் இல்லை. துணைப் பதிவு முதலில் குறிக்கப்பட்டவருக்கு மட்டும் என்றும், விவரணையிலும் மற்றவர் பெயர்களை விட்டுவிட்டுப் புள்ளிகளும் ‘எட் ஆல்’ என்ற லத்தீன் சுருக்கமும் இட வேண்டும் என்றும் அது வகுத்தது. ரோமன் அல்லாத எழுத்துகளில் அதற்கு இணையானதை இடலாம் என்ற குறிப்பின் வழியாகத்தான் நீங்கள் பார்த்த ‘மற்றும் பலர்’ தமிழ்ப் பதிவுகளுக்குள் வந்தது.

மறுமொழி 2: நூலகவியல் ஆசிரியர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் சிக்கனம் என்ற காரணம் எல்லா விதித்தொகுப்புகளிலும் ஒரே எண்ணைத் தரவில்லை என்பதை மாணவி கவனிக்க வேண்டும்.

நம் அரங்கநாதனையே எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1934-இல் அவர் வெளியிட்ட வகைப்படுத்திய நூற்பட்டியல் விதிகளில், இருவர் எழுதிய நூலுக்கு இருவர் பெயரையும் இணைத்துத் தலைப்பாகக் கொடுப்பார். மூவரோ அதற்கு மேலோ ஆனால் முதலாமவர் பெயரோடு ‘மற்றும் பிறர்’ என்று நிறுத்திவிடுவார். பாரிஸ் மூவர் வரை போனது. அரங்கநாதன் இருவரோடு நின்றார். அவருடைய பட்டியலில் முதன்மைப் பதிவு பகுப்பெண்ணின் (நூலின் பொருளைக் குறிக்கும் எண்ணின்) கீழ் வருவதால், ஆசிரியர் பெயர்தான் நூலின் முதல் வாயில் என்ற நிலையே அங்கு இல்லை. வாசகர் பொருள் வழியாகவே நூலை அடைவார் என்று கருதிய ஒருவர், பெயர்களில் சிக்கனம் காட்டியதில் வியப்பில்லை. அதே சமயம், எந்தப் பெயரை வாசகர் தேடி வர வாய்ப்பு உண்டோ அதற்குப் பதிவு வேண்டும், வாய்ப்பு இல்லாததற்கு வேண்டாம் என்ற ‘தேடப்படும் தலைப்பு’ நெறியை வகுத்தவரும் அவர்தான். அந்த நெறியை நேர்மையாகப் பின்பற்றினால் இரண்டு, மூன்று என்ற எண்ணுக்கே வேலை இல்லை என்பது என் கருத்து. அவரே தம் நெறியை ஓர் எண்ணுக்குள் அடக்கியது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னும் பின்னே போனால் வேறு விதமான காட்சி. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அந்தோனியோ பனிட்சி 1841-இல் அச்சிட்ட 91 விதிகள் அட்டைக்காக எழுதப்பட்டவை அல்ல. நூல் வடிவில் அச்சாக வேண்டிய பட்டியலுக்காக எழுதப்பட்டவை. அந்தப் பட்டியலில் ‘ஏ’ எழுத்துக்கான தொகுதி வந்ததோடு அச்சு நின்றுபோனது. இவ்வளவு விதிகள் எதற்கு, பெயர்களை வரிசையாக எழுதினால் போதாதா என்று எழுந்த கண்டனங்களை 1847-இல் அமைந்த அரச ஆணையம் விசாரித்தது. எழுத்தாளர் தாமஸ் கார்லைல்கூட அங்கே பனிட்சிக்கு எதிராகப் பேசினார். ஒரு நூலின் பல பதிப்புகளையும் ஒருவரின் பல நூல்களையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டாத பட்டியல் வாசகருக்குப் பயன்படாது என்பதே பனிட்சியின் வாதத்தின் சாரம். 1876-இல் அமெரிக்காவில் தம் விதிகளை வெளியிட்ட சார்லஸ் அம்மி கட்டர், பட்டியலாளரின் வசதியைவிட வாசகரின் வசதியே முன்னால் நிற்க வேண்டும் என்றார். சிறு நூலகத்துக்குச் சுருக்கம், நடுத்தரத்துக்கு நடுத்தரம், பெரியதற்கு முழுமை என்று அவர் மூன்று அளவுகளையும் வகுத்திருந்தார். சிக்கனத்தை நூலகத்தின் அளவோடு பொருத்திய அந்த ஏற்பாடு, எல்லோருக்கும் ஒரே எண் என்ற பிற்கால ஏற்பாட்டைவிடப் பகுத்தறிவுக்கு உகந்தது என்றே எனக்குப் படுகிறது.

இடைப்பட்ட காலத்தில் விதிகள் பெருகின. 1941-இல் ஆண்ட்ரூ ஆஸ்போர்ன் ‘பட்டியலாக்கத்தின் நெருக்கடி’ பற்றி எழுதியதும், 1953-இல் சீமோர் லூபெட்ஸ்கி ஒவ்வொரு விதியையும் எடுத்து ‘இந்த விதி தேவைதானா?’ என்று கேட்டதும் அந்தப் பெருக்கத்துக்கு வந்த எதிர்வினைகள். பாரிஸ் கொள்கைகளில் லூபெட்ஸ்கியின் சிந்தனை அடித்தளமாக இருக்கிறது. அப்படியிருந்தும் மூவர் வரம்பு அந்தக் கேள்வியிலிருந்து தப்பிப் பிழைத்தது.

மறுமொழி 3: நூலகத் தானியக்கப் பணியில் உள்ளவர்

‘கணினி வந்தது, வரம்பு போனது’ என்ற வரியைத் தேர்வில் எழுத வேண்டாம் என்பேன். ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே அது நிற்காது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் தலைமையில், நூல் விவரத்தைக் கணினி படிக்கும்படி பதியும் மார்க் வடிவம் 1960-களின் இறுதியில் உருவாகிவிட்டது. நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சி 1971-இல் இணைவழிக் கூட்டுப் பட்டியலாக்கத்தைத் தொடங்கியது. ஏஏசிஆர்-2 வந்தது அதற்குப் பிறகு, 1978-இல். அதாவது கணினி வந்த பின்னரும் வரம்பு போகவில்லை.

காரணம் எளியது. தொடக்கக் காலத்தில் கணினியின் வேலையே அட்டை அச்சிடுவதுதான். ஓசிஎல்சி மட்டும் 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சிடும் வரை ஏறத்தாழ 190 கோடி அட்டைகளை அச்சிட்டு அனுப்பியிருக்கிறது. பதிவு மின்வடிவில் இருந்தாலும் முடிவில் அது இழுப்பறைக்குள் போக வேண்டியிருந்த காலம் வரை, விதி எழுதுவோரின் மனத்தில் அட்டைதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. விதி மாறினாலும் பழைய பதிவு தானாக மாறாது. 1967-இல் முதல் ஏஏசிஆர் வந்தபோது காங்கிரஸ் நூலகம், புதிதாக வரும் பெயர்களுக்கு மட்டும் புதிய விதி, ஏற்கெனவே நிலைபெற்ற தலைப்புகள் இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தது. லட்சக்கணக்கான அட்டைகளை மறுபடியும் தட்டச்சு செய்ய யாராலும் முடியாது. ஏஏசிஆர்-2ஐ நடைமுறைப்படுத்தும் நாளையும் ஓராண்டு தள்ளிவைத்து, 1981 ஜனவரி 2 அன்று, அட்டைப் பட்டியலையே மூடிவிட்டுத்தான் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். ஆகவே உங்கள் பட்டியலில் இரு காலத்து விதிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது உங்கள் நூலகத்துக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று.

வரம்பு உண்மையில் போனது ஆர்டிஏவால். 2010 ஜூனில் வெளியாகி, 2013 மார்ச் 31 அன்று காங்கிரஸ் நூலகத்தில் நடைமுறைக்கு வந்த அந்த விதித்தொகுப்பு, 1998-இல் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பான ஐஎஃப்எல்ஏ வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் (நூற்பதிவுகளின் செயல்தேவைகள்) அறிக்கையின் மேல் எழுந்தது. தேடிக் கண்டடைதல், இதுதான் என்று உறுதிசெய்தல், தேர்ந்தெடுத்தல், பெறுதல் என்று பயனரின் நான்கு பணிகளை அந்த அறிக்கை முன்வைத்தது. அவற்றை அளவுகோலாகக் கொண்டால் நான்காம் ஆசிரியரை விட்டுவிடுவதற்கு நியாயம் சொல்ல முடியாது. பெயர்ப்பக்கத்தில் உள்ளபடியே எல்லாப் பெயர்களையும் எழுதுவது பொது விதியாயிற்று. சுருக்க விரும்புவோர் ‘மற்றும் மூவர்’ என்று எண்ணிக்கையைச் சொல்லிச் சுருக்கலாம் என்பது விருப்பத் தேர்வாயிற்று.

இங்கேதான் பாடக்குறிப்புகள் சொல்லாமல் விடும் ஒரு செய்தி இருக்கிறது. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்டிஏவின்படி கட்டாயமாகப் பதிய வேண்டியது முதன்மை ஆசிரியரை, அல்லது முதலில் குறிக்கப்பட்டவரை மட்டுமே. மற்றவர்களுக்கு அணுகுமுனை (அந்தப் பெயரால் தேடினால் நூல் கிடைக்கச் செய்யும் பதிவு) தருவது பட்டியலாளரின் தீர்ப்புக்கு விடப்பட்டது. அவசரத்தில் இருக்கும் நூலகம் விதியை மீறாமலேயே இரண்டாம், மூன்றாம் ஆசிரியர்களுக்கும் துணைப் பதிவு செய்யாமல் இருந்துவிடலாம். மூவர் எழுதிய நூலானால், ஏஏசிஆர்-2 காலத்தில் அந்த இருவருக்கும் உறுதியாக இடம் இருந்தது. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள் என்பதை நினைத்தால், தீர்ப்புக்கு இடம் விட்டதும் புரிந்துகொள்ளக்கூடியதே.

முதன்மைப் பதிவும் இன்னும் போகவில்லை. மார்க் வடிவத்தின் இன்றைய பதிப்பான மார்க் 21-இல், முதன்மைப் பதிவுக்குரிய ஆசிரியர் பெயரைத் தாங்கும் 100 என்ற புலம் (எண்ணிட்ட தகவல் பகுதி) ஒரு பதிவில் ஒரு முறைதான் வரலாம். துணைப் பதிவுப் பெயர்களுக்கான 700 எத்தனை முறையும் வரலாம். மார்க்குக்கு அடுத்த தலைமுறைப் பதிவு வடிவமான பிப்ஃபிரேமிலும் முதன்மைப் பங்களிப்பு என்று ஒரு வகை தனியே இருக்கிறது.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. இன்னொன்று மட்டும். பழைய பதிவில் விடுபட்ட மூவரின் பெயர்களை இப்போது சேர்ப்பது சரியா? சேர்த்தால் அது ஏஏசிஆர்-2 பதிவாக இருக்குமா, ஆர்டிஏ பதிவாகிவிடுமா?

மறுமொழி 1-ஐ எழுதியவர்

சேர்ப்பது சரி அம்மா. ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே செய்ய முடியாது. ‘மற்றும் பலர்’ என்று முடிந்த பதிவில் அந்தப் பெயர்கள் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. அவை எழுதப்படவே இல்லை. சொல்வழித் தேடலிலும் அவை அகப்படாததற்கு அதுதான் காரணம். அலமாரிக்குப் போய் நூலை எடுத்து, பெயர்ப்பக்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். நூல் தொலைந்திருந்தாலோ கழிவில் போயிருந்தாலோ, வேறு நூலகத்தின் முழுப் பதிவைத் தேடிப்பிடித்து ஒப்பிட வேண்டும்.

மறுமொழி 3-ஐ எழுதியவர்

இரண்டாம் கேள்விக்கு: 700 புலத்தில் மூவரைச் சேர்த்து, 245 புலத்தின் ‘சி’ உட்புலத்தில் (பொறுப்புக் கூற்றில்) பெயர்ப்பக்கத்தில் உள்ளபடி நால்வரையும் எழுதுவதால் மட்டும் பதிவு ஆர்டிஏ ஆகிவிடாது. முழுமையாக மறுபட்டியல் செய்து, எந்த விதித்தொகுப்பு என்று சொல்லும் 040 புலத்தின் ‘இ’ உட்புலத்தில் ‘ஆர்டிஏ’ என்று குறித்தால்தான் அப்படிச் சொல்லலாம். அதுவரை அது கலப்புப் பதிவு. அப்படிப்பட்ட பதிவுகளை உலகெங்கும் ஏற்றுக்கொள்கிறார்கள். நூற்பெயரில் உள்ள முதன்மைப் பதிவை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்; அதை மாற்றினால் சில இடங்களில் அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் நூலாசிரியர் குறியீடும், அதன் வழியே நூலின் முதுகில் ஒட்டிய சீட்டும் மாற வேண்டியிருக்கும். பிந்தைய பதிப்புக்கும் முந்தைய பதிப்புக்கும் அலமாரியில் வேறு வேறு இடம் அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். அமைந்திருந்தால், இரண்டையும் ஒரே குறியீட்டுக்குக் கொண்டுவருவது பற்றி நூலகரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.