'முதல் தடவை எ, அடுத்த தடவை தி': இந்த விதி போதுமா?

இளவேனில்:
ஆங்கில ஆர்ட்டிகிளுக்கு, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் எ (a), ஆன் (an), தி (the) ஆகியவற்றுக்கு, இந்த ஒரு விதி போதும் என்பது என் கட்சி. 'ஐ பாட் எ பைக். தி பைக் இஸ் ரெட்.' இதற்கு மேல் ஏற்றினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

கதிர்மணி:
குழப்புவதே இந்த விதிதான் மேடம். 'க்ளோஸ் தி டோர்' என்கிறோம். கதவைப் பற்றி அதுவரை பேச்சே இல்லை, ஆனாலும் தி. 'ஐ பாட் எ பைக். தி எஞ்சின் இஸ் நாய்சி.' எஞ்சின் இங்கே முதல் தடவைதான் வருகிறது. வண்டி என்றதுமே அதற்குள் இருக்கும் எஞ்சின் எதுவென்று தெரிந்துவிட்டது, அதனால் தி. மாறாக, 'மை பிரதர் ஹேஸ் எ பைக். ஐ ஹேவ் எ பைக் டூ.' இரண்டாம் தடவையும் எ தான், ஏனென்றால் அது வேறு வண்டி.

இளவேனில்:
சரி, கேட்பவருக்குத் தெரியுமா இல்லையா என்பதைப் பிள்ளைகள் எப்படிச் சோதிப்பார்கள்? அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?

கதிர்மணி:
இரண்டே கேள்வி. நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்கு அடையாளம் தெரியுமா? தெரியும் என்றால் தி. இல்லையென்றால், அது எண்ணக்கூடிய பொருளா, ஒருமையா? ஆம் என்றால் எ அல்லது ஆன். பன்மைக்கும் எண்ண முடியாததற்கும் ஒன்றுமே வேண்டாம். இந்த இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போவதால்தான் 'ஆன் அட்வைஸ்', 'எ ஃபர்னிச்சர்' எல்லாம் வருகின்றன. தமிழில் 'ஒரு அட்வைஸ் சொல்லுங்க' என்று சகஜமாகப் பேசுகிறோம், அதே பழக்கம் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்கிறது. 'சம் அட்வைஸ்' அல்லது 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும்.

தாமரைக்குளம்:
பன்மையில் இன்னொரு வழுக்கல் உண்டு. புலி இனத்தையே சொல்வதென்றால் 'டைகர்ஸ் ஆர் டேஞ்சரஸ்'. முன்னால் தி போட்டால் குறிப்பிட்ட சில புலிகள் என்று ஆகிவிடும். எ, ஆன் விஷயத்தில் எழுத்தைப் பார்க்காதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எம்எல்ஏ உயிரொலியில் தொடங்குகிறது, அதனால் 'ஆன் எம்எல்ஏ'. யூனிவர்சிட்டி 'யூ' என்று தொடங்குவதால் 'எ'. ஹவர் என்பதில் ஹெச் ஒலிக்காது, 'ஆன் அவர்' என்பதே சரி.

இளவேனில்:
கதிர்மணி சார், உங்கள் சோதனைக்கும் ஓட்டை இருக்கிறது. எவரெஸ்ட் எல்லாருக்கும் தெரியும், அதற்குத் தி கிடையாது. 'தி ஹிமாலயாஸ்' என்றால் மட்டும் ஏன் வருகிறது?

கதிர்மணி:
நியாயமான கேள்வி. ஊர், மலை போன்ற சிறப்புப் பெயர்களுக்கு என் சோதனை செல்லாது, அங்கே மரபுதான். ஆறு, கடல், மலைத்தொடர், தீவுக்கூட்டம் இவற்றுக்குத் தி உண்டு. தனிச் சிகரம், ஏரி, ஊர் இவற்றுக்குப் பெரும்பாலும் இல்லை. பன்மைப் பெயர் கொண்ட நாடுகளும் தி வாங்கும்: தி நெதர்லாண்ட்ஸ், தி பிலிப்பைன்ஸ். இந்த மரபும் மாறக்கூடியதுதான். 1991 விடுதலைக்கு முன் 'தி உக்ரைன்' என்று எழுதுவது சகஜம், இப்போது வெறும் உக்ரைன். நோயாளியாகப் படுத்திருப்பதைப் பிரிட்டிஷார் 'இன் ஹாஸ்பிட்டல்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். இரண்டுக்கும் மதிப்பெண் போட வேண்டும்.

இளவேனில்:
பெயர்களுக்குப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கலாம், சம்மதம். ஆனால் 'தேர் வாஸ் எ கிங். தி கிங் ஹேட் த்ரீ சன்ஸ்' என்று கதை எழுதும் பயிற்சியில் என் விதியை நான் விடமாட்டேன்.

கதிர்மணி:
வையுங்கள். கூடவே அந்தக் கதையில் 'தி குயீன் வாஸ் ஆங்ரி' என்று ஒரு வரி சேருங்கள். ராணி முதல் தடவை வருகிறாள், ஏன் தி என்று வகுப்பில் கேளுங்கள்.